கோப்பின் பட்டா யார் பெயரில் இருக்கிறது?

ஒரு சிறிய பதிப்பகத்தின் சர்வரைப் பகுதி நேரமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. சர்வர் என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். மேசைக்கு அடியில் தூசு படிந்து கிடந்த ஒரு பழைய கணினிதான். அதில் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடிக்கொண்டிருந்தது. பதிப்பகத்தின் இணையதளமும், மெய்ப்புத் திருத்துவோரும் பக்க வடிவமைப்பாளரும் பகிர்ந்துகொண்ட கோப்புகளும் அதில்தான் இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இணையதளம் இருந்த அடைவு, அதாவது ஃபோல்டர், முழுவதையும் என் பயனர் கணக்கின் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்து, நிர்வாகியின் அதிகாரத்தைக் கடன் வாங்கித் தரும் சூடோவுடன், உரிமையாளரை மாற்றும் 'சிஎச்ஓன்' கட்டளையை, உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் செல்லும்படி பெரிய ஆர் சேர்த்துத் தட்டினேன். '/தரவு/தளம்' என்று எழுத வேண்டிய இடத்தில், முதல் சாய்கோட்டுக்குப் பின் கட்டைவிரல் இடைவெளி விசையைத் தொட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. '/ தரவு/தளம்' என்று ஆகிவிட்ட அந்த வரியைக் கணினி இரண்டு தனித்தனி இலக்குகளாகப் படித்துக்கொண்டது. அவற்றில் முதலாவது வெறும் சாய்கோடு. அதாவது வேர் அடைவு. அதாவது கணினியில் உள்ள அனைத்தும்.

ஓரிரு நொடிகளில் முடிய வேண்டிய கட்டளை முடியாமல் நின்றபோதுதான் வரியை மறுபடி படித்தேன். உடனே கன்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்தி நிறுத்தினேன். ஆனாலும் அதற்குள் ஆயிரக்கணக்கான கோப்புகள் என் பெயருக்கு மாறியிருந்தன. மாறியதைத் திருப்பி மாற்றலாம் என்று சூடோவை அழைத்தால், தன்னுடைய நிரல் கோப்பு 0 என்ற எண்ணுள்ள பயனருக்கு, அதாவது நிர்வாகியான ரூட்டுக்கு, சொந்தமாக இருக்க வேண்டும் என்றும், அதற்கு 'செட்யுஐடி' பிட் என்ற சிறப்பு அடையாளம் இருக்க வேண்டும் என்றும் சொல்லி அது இயங்க மறுத்துவிட்டது. பூட்டைத் திறக்கும் சாவியைப் பூட்டுக்குள்ளேயே போட்டுவிட்டு நின்றேன்.

அந்தக் கட்டளையைத் தட்டும் நிலைக்கு நான் ஏன் வந்தேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உண்மையான பிழை அந்த இடைவெளிக்குப் பல மாதங்களுக்கு முன்பே நடந்துவிட்டது. நூல் அட்டைப் படங்களை இணையதளத்தில் ஏற்ற முயலும்போதெல்லாம் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற செய்தி வருகிறது என்று பதிப்பகத்திலிருந்து சொன்னார்கள். நானும் பலரும் செய்வதையே செய்தேன்: அனுமதியை மாற்றும் 'சிஎச்மோட்' கட்டளையால் அடைவு முழுவதற்கும் 777 கொடுத்தேன். படம் ஏறியது, நன்றி சொன்னார்கள், நானும் மறந்துவிட்டேன்.

777 என்பதில் மூன்று இலக்கங்களும் மூன்று தரப்பினரைக் குறிக்கின்றன: கோப்பின் உரிமையாளர், கோப்பு சேர்ந்திருக்கும் குழு, மற்ற எல்லோரும். ஒவ்வொரு இலக்கமும் படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்பவற்றின் கூட்டுத்தொகை. ஆகவே 644 என்றால் உரிமையாளர் படிக்கவும் எழுதவும் செய்யலாம், மற்ற இரு தரப்பும் படிக்க மட்டும் செய்யலாம். 777 என்றால் யாரும் எதையும் செய்யலாம். இந்த மூன்று தரப்பு ஏற்பாடு லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் பிறந்தபோதே முழுமையாக இருந்ததில்லை. 1971இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வெளியான முதல் பதிப்பின் கையேட்டில் உரிமையாளர், உரிமையாளர் அல்லாதவர் என்ற இரண்டு தரப்புகளே இருக்கின்றன; குழு என்பது பின்னர் வந்து சேர்ந்தது. இன்றைய லினக்ஸ் அந்தப் பழைய கட்டமைப்பின் மேல்தான் இன்னும் நிற்கிறது.

நான் இந்த விஷயத்தை நீண்ட காலம் தவறாகப் புரிந்துகொண்டிருந்ததில் 'உரிமை' என்ற சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ஒரு பொருள் யாருடையது என்பதையும், அதைக்கொண்டு யார் என்ன செய்யலாம் என்பதையும் தமிழில் இந்த ஒரே சொல்லால் சொல்லிவிட முடிகிறது. ஆனால் நிலத்தைப் பொறுத்தவரை நாம் அப்படிக் குழப்பிக்கொள்வதில்லை. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, வரப்பில் யார் நடக்கலாம், கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம் என்பது வேறு கேள்வி. கோப்பிலும் அப்படியே: சிஎச்ஓன் பட்டாவை மாற்றுகிறது, சிஎச்மோட் அனுபோகத்தை மாற்றுகிறது. ஒருவருக்கு வழி விடவில்லை என்று புகார் வந்தால், அவர் யார், நிலம் யாருடையது என்று விசாரிக்காமல் வேலி முழுவதையும் பிடுங்கிப் போடுவதுதான் 777.

அனுமதி மறுக்கப்படும்போது இயங்குதளத்தின் மையமான கர்னல் செய்யும் விசாரணை மிகவும் எளியது. கோப்பின் ஐநோடு என்ற பதிவேட்டில் உரிமையாளரின் எண்ணும் குழுவின் எண்ணும் அனுமதிப் பிட்டுகளும் எழுதப்பட்டிருக்கும். கோப்பைக் கேட்கும் நிரல் எந்தப் பயனர் எண்ணில் ஓடுகிறது என்று கர்னல் பார்க்கிறது. அந்த எண்ணும் உரிமையாளர் எண்ணும் ஒன்றானால், உரிமையாளருக்கான பிட்டுகளை மட்டும் பார்த்து முடிவு சொல்லிவிடும். ஒன்றாகாவிட்டால், நிரலின் குழுக்களில் ஏதாவது ஒன்று கோப்பின் குழுவோடு பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தினால் குழுவுக்கான பிட்டுகளை மட்டும் பார்க்கும். இரண்டும் இல்லாதபோதுதான் மற்றவர்களுக்கான பிட்டுகள் கணக்கில் வரும். இந்த 'மட்டும்' என்பதைப் பலர் தவறவிடுகிறார்கள். 604 என்று அனுமதி கொடுத்தால், முன்பின் தெரியாத ஒருவர் கோப்பைப் படிக்கலாம், குழுவில் இருப்பவர் படிக்க முடியாது! குழுவில் இல்லாமல் இருப்பதே நல்லது என்ற விசித்திரமான நிலை. ரூட் பயனருக்கு, அதாவது எண் 0 உள்ளவருக்கு, இந்த விசாரணை பெரும்பாலும் கிடையாது.

இதைத் தெரிந்துகொண்ட பின் அட்டைப்படச் சிக்கலைத் திரும்பிப் பார்த்தால் விடை கண்முன்னே இருக்கிறது. அடைவு என்னுடையது, அனுமதி 755. படத்தை எழுத முயன்றவர் பதிப்பகத்து ஊழியர் அல்லர், அவருக்காக வேலை செய்த இணையச் சர்வர் நிரல். டெபியனில் அது 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற தனிப் பயனராக, 33 என்ற எண்ணில் ஓடுகிறது. அந்தப் பயனர் உரிமையாளரும் இல்லை, குழுவிலும் இல்லை. 'மற்றவர்' என்ற தரப்பில் நின்றது. அந்தத் தரப்புக்கு எழுத அனுமதி இல்லை. படங்கள் அடைவு ஒன்றை மட்டும் அந்தப் பயனரின் குழுவுக்கு மாற்றி, குழுவுக்கு எழுத அனுமதி கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். தளத்தின் நிரல் கோப்புகளை அதே பயனர் எழுத முடியாமல் இருப்பதுதான் நல்லது என்பது அன்று எனக்குப் புரியவில்லை.

புரிய வைத்தது ஓர் அந்நியக் கோப்பு. ஒரு நாள் தளத்தின் நிரல்கள் இருந்த அடைவில், நான் எழுதாத ஒரு பிஎச்பி நிரல் கோப்பு உட்கார்ந்திருந்தது. அதன் உரிமையாளர் பெயரைப் பார்த்ததும் அது எந்த வழியாக வந்தது என்பது தெரிந்துவிட்டது: டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. யாருடைய கடவுச்சொல்லும் திருடப்படவில்லை. தளத்தின் ஏதோ ஓர் ஓட்டை வழியாக இணையச் சர்வரையே கைக்கருவியாக்கி யாரோ எழுதியிருக்கிறார்கள். 777 அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. உரிமையாளர் என்ற அந்த ஓர் எண் இவ்வளவு நல்ல சாட்சியாக இருக்கும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

கோப்பை நீக்கிவிட்டு, பதற்றத்தில் அடுத்த தவறைச் செய்தேன். 777ஐ ஒழிக்கப் பெரிய ஆர் சேர்த்து எல்லாவற்றுக்கும் 644 கொடுத்தேன். உடனே தளம் முழுவதும் நின்றுபோனது. கோப்புக்கு 'இயக்கு' என்று பொருள்படும் எக்ஸ் பிட், அடைவுக்கு 'உள்ளே நுழைந்து கடந்து போ' என்று பொருள்படுகிறது. 644 கொடுத்ததில் எல்லா அடைவுகளின் வாசலையும் அடைத்திருந்தேன். இதற்குத் தீர்வாகச் சிஎச்மோட்டில் பெரிய எக்ஸ் என்று ஓர் எழுத்து இருக்கிறது: அது அடைவுகளுக்கும், ஏற்கெனவே யாருக்காவது இயக்கும் அனுமதி உள்ள கோப்புகளுக்கும் மட்டும் எக்ஸ் பிட்டைக் கொடுக்கும். இங்கே ஒரு பொறி உண்டு. 777 கொடுக்கப்பட்ட மரத்தில் எல்லாக் கோப்புகளுக்கும் இயக்கும் அனுமதி ஏற்கெனவே இருப்பதால், அதன்மேல் நேரடியாகப் பெரிய எக்ஸைப் பயன்படுத்தினால் அது எதையும் வடிகட்டாது. நான் தவறுதலாக 644 கொடுத்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்ததால், அடுத்ததாகக் கொடுத்த பெரிய எக்ஸ் அடைவுகளை மட்டும் சரியாகப் பிடித்தது. அது என் திறமை என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. 'ஃபைண்ட்' கட்டளையால் அடைவுகளைத் தனியாகவும் கோப்புகளைத் தனியாகவும் பொறுக்கி, முன்னவற்றுக்கு 755, பின்னவற்றுக்கு 644 என்று கொடுப்பதே தெளிவான வழி.

அடைவின் அனுமதிதான் இந்தப் பாடம் முழுவதிலும் அதிகம் குழப்புவது என்பதால் இங்கே சற்று நிற்கிறேன். யூனிக்ஸ் வகைக் கோப்பு முறைமைகளில் கோப்பின் பெயர் அதன் ஐநோடில் இல்லை. அது அடைவில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அடைவு என்பது பெயர்களையும் ஐநோடு எண்களையும் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான். ஆகவே அடைவில் படிக்கும் அனுமதி என்பது அந்தப் பெயர்ப் பட்டியலைப் பார்ப்பது. எழுதும் அனுமதி என்பது பட்டியலில் பெயரைச் சேர்ப்பது, நீக்குவது, மாற்றுவது. எக்ஸ் அனுமதி என்பது பட்டியலில் உள்ள ஒரு பெயரைப் பிடித்து அந்தக் கோப்பை அடைவது. கோப்பை அழிப்பது என்பது அடைவிலிருந்து அதன் பெயரை நீக்குவதே. எனவே அழிக்கலாமா கூடாதா என்பதைக் கோப்பின் அனுமதி தீர்மானிப்பதில்லை. அடைவின் அனுமதி தீர்மானிக்கிறது.

இதை நான் விளக்க வேண்டி வந்தது, மெய்ப்புத் திருத்தும் அக்கா ஒருவர், "தம்பி, யாரும் தொடக் கூடாதென்று பூட்டி வைத்த ஃபைலையே காணோமே" என்று தொலைபேசியில் அழைத்தபோது. அவர் ஒரு நூலின் இறுதி வடிவத்தை 444 ஆக்கி, இனி யாராலும், தன்னாலும்கூட, எழுத முடியாது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போயிருந்தார். கோப்புக்குள் யாரும் எழுதவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த அடைவில் குழுவினர் அனைவருக்கும் எழுதும் அனுமதி இருந்தது. வேறொருவர் பழைய கோப்புகளைச் சுத்தம் செய்தபோது இதையும் சேர்த்து நீக்கிவிட்டார். முனையத்தில் நீக்கியிருந்தால் எழுதத் தடை உள்ள கோப்பு என்று ஒரு கேள்வியாவது வந்திருக்கும். அந்தக் கேள்வியும் கட்டளையின் மரியாதைதானே தவிர கர்னலின் தடை அன்று. சில உரைத் திருத்திகள் சேமிக்கும்போது புதிய கோப்பு ஒன்றை எழுதி, அதைப் பழைய பெயருக்கு மாற்றிவிடுகின்றன. அப்போது 444 ஆக இருந்த கோப்பு சத்தமில்லாமல் போய், அதே பெயரில் வேறொருவருக்குச் சொந்தமான கோப்பு வந்து உட்காரும்.

தற்காலிகக் கோப்புகளுக்கான, எல்லோரும் எழுதக்கூடிய 'டெம்ப்' அடைவில் இந்தக் கூத்து நடக்காமல் இருப்பதற்குக் காரணம் 'ஸ்டிக்கி' பிட். அந்த அடைவின் அனுமதி 1777; முன்னால் இருக்கும் 1 என்பதே அந்தப் பிட். அது இருக்கும் அடைவில் ஒரு கோப்பை அதன் உரிமையாளரோ, அடைவின் உரிமையாளரோ, ரூட்டோ மட்டுமே நீக்கவும் பெயர் மாற்றவும் முடியும். பதிப்பகத்தில் பகிர்ந்துகொண்ட அடைவு முழுவதற்கும் அதைக் கொடுத்துப் பார்த்தேன். பெயர் மாற்றிச் சேமிக்கும் திருத்திகள் மற்றவர் கோப்பில் திணறியதால், 'இறுதி' என்ற ஓர் அடைவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து எடுத்துவிட்டேன்.

எக்ஸ் அனுமதியைப் பற்றி இன்னொன்று. ஒரு கோப்பை அடைய, வேர் அடைவிலிருந்து அது இருக்கும் அடைவு வரை வழியில் உள்ள ஒவ்வோர் அடைவிலும் எக்ஸ் அனுமதி வேண்டும். கோப்புக்கு 777 கொடுத்தும் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்றே வருகிறது என்று புலம்புவோரில் பலர், மேலே எங்கோ ஒரு கதவு சாத்தியிருப்பதைப் பார்ப்பதில்லை. டெபியனிலிருந்து பிறந்த உபுண்டுவில் 21.04 பதிப்பு முதல் புதிய பயனரின் வீட்டு அடைவு 755க்குப் பதிலாக 750 ஆக உருவாகிறது. அதற்குப் பின் வீட்டு அடைவுக்குள் தளத்தை வைத்துப் பழகியவர்கள் பலர் இப்படித்தான் வெளியே நின்றிருப்பார்கள். 'நேம்ஐ' என்ற கட்டளையை எல் விருப்பத்துடன் தட்டினால், பாதையின் ஒவ்வொரு படியின் உரிமையாளரையும் குழுவையும் அனுமதியையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும். அதிகம் பேசப்படாத கட்டளை. எனக்கு மிகவும் பிடித்தமானது.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். 777ஐ ஒழித்த கையோடு பட்டாவையும் ஒழுங்குபடுத்தலாம் என்றுதான் சிஎச்ஓன் கட்டளையைத் தட்டினேன். லினக்ஸில் ஒரு கோப்பின் உரிமையாளரை மாற்ற ரூட்டின் அதிகாரம் வேண்டும். என் கோப்பை இன்னொருவர் பெயருக்கு எழுதிவைக்க எனக்கே அதிகாரமில்லை. சிஸ்டம் ஃபைவ் வகை யூனிக்ஸ்களில் கோப்பைத் தானமாகக் கொடுக்க முடிந்தது. பிஎஸ்டி மரபு அதைத் தடுத்தது. ஒவ்வொருவருக்கும் இத்தனை இடம் என்று வரம்பு வைத்திருக்கும் கணினியில், பெரிய கோப்புகளைப் பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா? ஆகவே கட்டளையின் முன் சூடோ போட்டேன், சூடோ போட்டதால் என்னைத் தடுக்க யாருமில்லை. இங்கே ஒரு வருத்தம் எனக்கு உண்டு. லினக்ஸில் வரும் குனூ கருவித் தொகுப்பின், கோப்புகளை அழிக்கும் 'ஆர்எம்' கட்டளை வேர் அடைவை அழிக்கச் சொன்னால் தானாகவே மறுத்துவிடும். அதே தொகுப்பில் உள்ள சிஎச்ஓனுக்கும் சிஎச்மோட்டுக்கும் அந்தப் பாதுகாப்பு விருப்பம் உண்டு, ஆனால் நாம் கேட்டால்தான் வேலை செய்யும். அழிப்பதை மட்டும் ஆபத்தாகக் கருதியிருக்கிறார்கள். இப்போது என் முனைய அமைப்பில் அந்த இரண்டு கட்டளைகளுக்கும் 'ப்ரிசர்வ்-ரூட்' விருப்பத்தைச் சேர்த்து மாற்றுப்பெயர் வைத்திருக்கிறேன். சூடோவுக்குப் பின் மாற்றுப்பெயர் செல்ல வேண்டுமானால், சூடோவுக்கும் இறுதியில் ஓர் இடைவெளியுடன் மாற்றுப்பெயர் வைக்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டேன். என்னைக் கெடுத்த இடைவெளி இப்போது என்னைக் காக்கிறது.

உரிமையாளர் மாறியது பாதிச் சேதம்தான். சிஎச்ஓன் நடக்கும்போது, இயக்கக்கூடிய கோப்புகளில் இருக்கும் செட்யுஐடி, செட்ஜிஐடி பிட்டுகளைக் கர்னல் அழித்துவிடும். ரூட் செய்தாலும் அழித்துவிடும். செட்யுஐடி பிட் உள்ள நிரல், அதை இயக்குபவரின் அதிகாரத்தில் ஓடாமல் அந்தக் கோப்பின் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும். சாதாரணப் பயனர் தன் கடவுச்சொல்லை மாற்ற முடிவது, ரூட் மட்டுமே எழுதக்கூடிய 'ஷேடோ' கோப்பில் அவர் சார்பாகக் கடவுச்சொல் நிரல் ரூட்டாக நின்று எழுதுவதால்தான். டெனிஸ் ரிட்சியின் இந்த யோசனைக்கு 1973இல் விண்ணப்பித்து 1979இல் 4135240 என்ற எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பிறகு அது பொதுமக்களுக்கே விடப்பட்டது. அப்படிப்பட்ட ஒரு கோப்பின் உரிமையாளர் மாறும்போது பிட் அப்படியே இருந்தால், யாருடைய அதிகாரத்திலோ ஓட வேண்டிய நிரல் வேறு யாருடைய அதிகாரத்திலோ ஓடும். ஆகவே கர்னல் அழித்தது சரிதான். அதன் விளைவாகச் சூடோ, வேறொரு பயனராக மாற உதவும் எஸ்யூ, கடவுச்சொல் நிரல் எல்லாம் ஒரே சமயத்தில் செத்தன.

கணினி என் காலடியிலேயே இருந்தது என் அதிர்ஷ்டம். எங்கோ ஒரு தரவு மையத்தில் இருந்திருந்தால் கதை நீண்டிருக்கும். சனிக்கிழமை காலை யுஎஸ்பியிலிருந்து டெபியனைத் துவக்கி, வன்தட்டை ஏற்றி, 'சிஎச்ரூட்' மூலம் பழைய அமைப்புக்குள் ரூட்டாக நுழைந்தேன். ரெட் ஹேட் குடும்ப லினக்ஸ்களில், மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் ஆர்பிஎம் கட்டளைக்கே அந்தத் தொகுப்புகளின் உரிமையாளரையும் அனுமதியையும் பதிவேட்டிலிருந்து மீட்டுத் தரும் விருப்பங்கள் உண்டு. டெபியனில் அதற்கு நேரான கட்டளை இல்லை, தொகுப்புகளை மறுபடி நிறுவ வேண்டும். நான் வேறு வழியில் போனேன். என் மடிக்கணினியில் ஒரு மெய்நிகர் எந்திரத்தில் அதே பதிப்பு டெபியனை நிறுவி, அதே தொகுப்புகளையும் போட்டு, 'கெட்ஃபேக்ல்' கட்டளையைப் பெரிய ஆர் சேர்த்து இயக்கினேன். அது ஒவ்வொரு கோப்பின் உரிமையாளர், குழு, அனுமதி, சிறப்புப் பிட்டுகள் எல்லாவற்றையும் ஒரே உரைக்கோப்பாக எழுதிக் கொடுக்கும். அந்த உரைக்கோப்பை எடுத்துவந்து, சிஎச்ரூட்டுக்குள் நின்றபடி, 'செட்ஃபேக்ல்' கட்டளையின் 'ரீஸ்டோர்' விருப்பத்துக்குக் கொடுத்தேன். சிஎச்ரூட்டுக்குள் நிற்பது முக்கியம். வெளியே நின்றால் பயனர் பெயர்கள் யுஎஸ்பியில் உள்ள அமைப்பின் எண்களாக மாறிவிடும்.

மதியத்துக்குள் சூடோ உயிர்பெற்றது. ஆனால் சிஎச்ஓன் அழித்த இன்னொன்றை அந்த உரைக்கோப்பு சுமந்துவரவில்லை: 'கேப்பபிலிட்டி' எனப்படும், ரூட்டின் அதிகாரத்தில் ஒரு துண்டை மட்டும் ஒரு நிரலுக்குக் கொடுக்கும் குறிப்பு. சாதாரணப் பயனராக, இணைப்பைச் சோதிக்கும் 'பிங்' வேலை செய்யாதபோதுதான் அது தெரிந்தது. இன்னும் எத்தனை இடங்களில் என்னென்ன விட்டுப்போனதோ என்ற எண்ணத்தோடு அந்தக் கணினியை நம்ப மனம் வரவில்லை. தரவை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் புதிதாக நிறுவினேன். மீட்டதை அப்படியே விட்டிருந்தாலும் ஓடியிருக்கும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். ஓடியிருக்கலாம், எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

புதிய நிறுவலில் பகிரும் அடைவை ஒழுங்காகச் செய்தேன். 'மலர்' என்று ஒரு குழுவை உருவாக்கி, அடைவை அந்தக் குழுவுக்கு மாற்றி, 2775 கொடுத்தேன். முன்னால் உள்ள 2 செட்ஜிஐடி பிட். அடைவில் அது இருந்தால், உள்ளே புதிதாக உருவாகும் கோப்புகள் உருவாக்கியவரின் சொந்தக் குழுவுக்குப் போகாமல் அடைவின் குழுவையே பெறும், புதிய உள்ளடைவுகள் அந்தப் பிட்டையும் சேர்த்துப் பெறும். இது மட்டும் போதாது. புதிய கோப்புக்குப் பொதுவாக 666 என்று கேட்கப்படும் அனுமதியிலிருந்து 'யுமாஸ்க்' மதிப்பில் உள்ள பிட்டுகள் கழிக்கப்படும். வழக்கமான 022 இருந்தால் 644தான் மிஞ்சும், குழுவினர் எழுத முடியாது. அதை 002 ஆக்கினேன். வடிவமைப்பாளர் விண்டோஸ் கணினியிலிருந்து, லினக்ஸ் கோப்புகளை விண்டோஸுக்குப் பகிரும் சம்பா நிரல் வழியாக வருபவர். சம்பாவோ யுமாஸ்க்கைச் சார்ந்திராமல் தனக்கென்று ஒரு முகமூடி வைத்திருக்கிறது, அதன் இயல்பு மதிப்பு 0744. அவர் போடும் கோப்புகள் மட்டும் ஏன் 744 ஆக வருகின்றன என்று அரைநாள் தேடிய பிறகுதான் அந்த மதிப்பை 0664 ஆக மாற்றினேன்.

அதற்குப் பிறகும் சில கோப்புகள் தவறான குழுவோடு வந்தன. வீட்டு அடைவிலிருந்து பகிரும் அடைவுக்கு, ஒரே கோப்பு முறைமைக்குள், நகர்த்தப்பட்ட கோப்புகள் அவை. நகர்த்தும்போது பெயர்தான் ஓர் அடைவிலிருந்து இன்னோர் அடைவுக்கு மாறுகிறது, ஐநோடு அப்படியே இருக்கிறது. ஆகவே பழைய குழுவும் பழைய அனுமதியும் ஒட்டிக்கொண்டே வரும். பிரதி எடுத்தால் புதிய ஐநோடு பிறக்கும், அடைவின் குழுவும் கிடைக்கும். புதிய கோப்புகளுக்குத் தானாகப் பொருந்தும் 'இயல்பு ஏசிஎல்' என்ற கூடுதல் அனுமதிப் பட்டியலை அடைவில் வைத்தாலும் நகர்த்தப்பட்ட கோப்புக்கு இதே கதிதான். ஏசிஎல் பற்றி ஒரு வரி: உரிமையாளர், ஒரு குழு, மற்றவர் என்ற மூன்றுக்குள் அடங்காத தேவை, உதாரணமாக ஒரு வெளி ஆசிரியருக்கு ஓர் அடைவில் படிக்கும் அனுமதி மட்டும் தருவது, வந்தால் அதுவே சரியான கருவி. ஆனால் கோப்புப் பட்டியலில் அனுமதிக்குப் பின்னால் வரும் சிறு கூட்டல் குறியைக் கவனிக்காதவர்களை அது நன்றாக அலைக்கழிக்கும். நான்கைந்து பேர் இருக்கும் இடத்தில் குழுக்களே போதும் என்பது என் கருத்து.

குழுவில் ஆளைச் சேர்க்கும்போது இரண்டு தொல்லைகள் வந்தன. 'யூசர்மாட்' கட்டளையில் பெரிய ஜியோடு சிறிய ஏவைச் சேர்க்க மறந்தால், புதிய குழுவில் சேர்த்துவிட்டு, பட்டியலில் இல்லாத மற்றக் கூடுதல் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் அது நீக்கிவிடும். சூடோ குழுவிலிருந்து தன்னைத்தானே இப்படி வெளியேற்றிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். மற்றது, குழு உறுப்பினர் தகுதி புதிதாக உள்நுழையும்போதுதான் வரும். சேர்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகும் அக்காவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவர் காலையில் திறந்த அமர்வு பழைய குழுக்களோடுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரின் குழுக்களைக் காட்டும் 'ஐடி' கட்டளையைத் தட்டச் சொல்லி, வந்த வரியை வாசிக்கச் சொன்னேன். 'மலர்' அதில் இல்லை. வெளியேறி உள்ளே வந்தபின் இருந்தது.

அனுமதி என்பது எண்களின் மேல் நிற்கிறது, பெயர்களின் மேல் அன்று என்பதை அந்தப் பதிப்பகத்தில் கடைசியாகக் கற்றேன். மெய்ப்புத் திருத்துவோரில் ஒருவர் வேலையை விட்டுப் போனபோது அவருடைய கணக்கை நீக்கினேன். அவருடைய கோப்புகள் பட்டியலில் பெயருக்குப் பதிலாக 1004 என்ற எண்ணோடு நின்றன. இரண்டு மாதம் கழித்துப் புதியவருக்குக் கணக்குத் திறந்தேன். காலியாக இருந்த 1004 அவருக்குப் போனது, போனவரின் வரைவுகளும் கடிதங்களும் அவர் பெயரில் எழுந்து நின்றன. புதியவர் நேர்மையானவர், தனக்குச் சொந்தமில்லாத கோப்புகள் தன் பெயரில் இருக்கின்றன என்று அவரே வந்து சொன்னார். அன்றிலிருந்து யார் போனாலும் கணக்கை நீக்குவதில்லை. பூட்டிவிட்டுக் காலாவதித் தேதியை மட்டும் போட்டுவிடுகிறேன், எண் அவரோடேயே இருக்கட்டும். மாதத்துக்கு ஒரு முறை ஃபைண்ட் கட்டளையை 'நோயூசர்' விருப்பத்துடன் ஓட்டி, பட்டாதாரர் இல்லாமல் கிடக்கும் கோப்புகளைத் தேடும் வேலையை, குறித்த நேரத்தில் தானாக இயக்கும் கிரானில் வைத்திருக்கிறேன். அதே நேரத்தில் கெட்ஃபேக்ல் எழுதும் உரைக்கோப்பும் வேறொரு வட்டுக்குப் போகிறது.